மைதானத்துக்கு வெளியே ஒரு மேடு

கால்பந்துக் கிளப்பை முதலீட்டு நிதி நிறுவனம் வாங்கினால் ரசிகர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு உடனே இங்கிலாந்தின் கவன்ட்ரி சிட்டி கிளப்தான் நினைவுக்கு வந்தது.

1987இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். 2007 கடைசியில் கடனில் மூழ்கிக் கிடந்தபோது சிசு என்ற லண்டன் ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பணக்கார முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி லாபம் தேடும் நிதி நிறுவனம், வாங்கியது. கிளப் பிழைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் சொந்த மைதானம் இல்லை. வாடகையே வருடத்துக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். 2012இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள், அப்புறம் மைதானத்தை நடத்தியவர்களோடு வாடகைச் சண்டை முற்றி, 2013இல் அணியையே 35 மைல் தள்ளி நார்தாம்ப்டன் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முதல் ஆட்டத்துக்கு உள்ளே வந்தவர்கள் இரண்டாயிரம் சொச்சம் பேர். மற்ற பலர் டிக்கெட் வாங்க மறுத்து, மைதானத்துக்கு வெளியே இருந்த ஒரு மேட்டில் ஏறி நின்றார்கள். அங்கிருந்து ஆடுகளத்தில் ஒரு பகுதிதான் தெரியும். கிளப் உரிமையாளருக்கு ஒரு பைசா தர மாட்டோம், அணியை விட்டுப் போகவும் மாட்டோம் என்று மழையிலும் குளிரிலும் அங்கேயே நின்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

2014 செப்டம்பரில் அணி ஊர் திரும்பிய இரவு, மைதானத்தில் 27,000 பேருக்கு மேல்.