பால் ஸ்க்ரூ வாங்குவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் மாட்டிய என் மில்லிங் மெஷினில் முதலில் வெட்டிப் பார்த்தது ஒரு வட்டம். நான்கு இடங்களில் சின்னச் சின்னப் படிகளோடு வந்தது. எக்ஸ் திசை திரும்பும் இரண்டு இடங்கள், ஒய் திரும்பும் இரண்டு இடங்கள். இப்படிச் சரியாகக் கால் வட்டத்துக்கு ஒன்றாக வந்தால் பெரும்பாலும் அது பேக்லாஷ்தான், அதாவது பாகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியால், திசை திரும்பும்போது டேபிள் நகராமல் வீணாகும் ஆட்டம். கையால் ஓட்டும் காலத்தில் கைப்பிடி லூசாகச் சுற்றுவதை விரலே உணர்ந்து, அந்த ஆட்டத்தைத் தாண்டிய பிறகுதான் அளவைப் படிப்போம். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது.

உடனே டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும், ஆட்டம் குறைந்த ஸ்க்ரூ) மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதற்கு முன் ஒரு மாலை முழுக்க அளந்து பார்த்தேன், அதுதான் நான் செய்த நல்ல காரியம்.

அளப்பது கஷ்டமில்லை. 0.01 மி.மீ டயல் கேஜ், மேக்னடிக் பேஸ், இரண்டு போதும். கேஜை ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு) பக்கம் நிறுத்தி, முனை டேபிளில் படும்படி, நகரும் திசைக்கு நேராக வையுங்கள். சாய்ந்திருந்தால் அளவு தப்பும். டேபிளை ஒரே திசையில் கொஞ்சம் ஓட்டி நிறுத்தி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, அதே திசையில் இன்னும் 1 மி.மீ போய், பிறகு 1 மி.மீ திரும்பி வரச் சொல்லுங்கள். முள் பூஜ்யத்துக்கு வராமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அதுதான் பேக்லாஷ். இதையே 20 மி.மீ தூரத்துக்கும் செய்யுங்கள், அதற்குத் தகுந்த ஓட்டம் உள்ள கேஜ் வேண்டும். பேக்லாஷ் என்றால் தூரம் கூடினாலும் மிச்சம் அதே அளவுதான். ஒரே திசையில் போகும்போதே தூரத்தோடு பிழையும் வளர்ந்தால் அது பேக்லாஷ் இல்லை, பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்ற கணக்கில் தவறு.

எனக்கு எக்ஸில் 0.23 மி.மீ வந்தது. சரி, இந்த 0.23 எங்கே ஒளிந்திருக்கிறது? ஸ்க்ரூவின் நுனியில் இருக்கும் சென்டர் குழியில் கிரீஸ் தொட்டு ஒரு பேரிங் குண்டை ஒட்டி, கேஜ் முனையை அந்தக் குண்டின் மேல் வைத்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஸ்க்ரூ சுற்றாமல் பிடித்திருக்கும்போது டேபிளைக் கையால் தள்ளி இழுத்தால், ஸ்க்ரூவே முன்னும் பின்னும் 0.14 நகர்ந்தது! பாதிக்கு மேல் ஆட்டம் நட்டில் இல்லை, ஸ்க்ரூவைத் தாங்கும் பேரிங்கில். அன்றைக்கு நான் பால் ஸ்க்ரூவை வாங்கி அதே பேரிங்கில் மாட்டியிருந்தால் இந்த 0.14 அப்படியே இருந்திருக்கும்.

சாதாரண பால் பேரிங் நீளவாக்கில் வரும் விசையை ஆட்டமில்லாமல் தாங்குவதற்கென்று செய்ததில்லை. நீளவாக்கு விசையையும் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, நட்டால் இறுக்கிக் கொஞ்சம் ப்ரீலோட் (ஆட்டம் இல்லாமலிருக்க முன்கூட்டியே தரும் அழுத்தம்) கொடுத்தேன். மொத்தம் 0.09 ஆனது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் க்ரப் ஸ்க்ரூவையும் (ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத சின்னத் திருகு) அப்போதே பார்த்துவிடுங்கள், உருண்டையான ஷாஃப்டில் அது நழுவும், ஒரு சின்னத் தட்டை முகம் அரத்தால் ராவிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது நட். என்னுடையது நடுவில் பிளவு உள்ள பித்தளை நட், இறுக்கினால் ஆட்டம் குறையும். டேபிள் நடுவில் நிற்கும்போது இறுக்கி 0.04 வரை கொண்டுவந்தேன், ஓரத்துக்குப் போனதும் டேபிள் சிக்கி மோட்டார் ஸ்டெப் விட்டது, அதாவது சொன்ன அளவு சுற்றவில்லை. ஸ்க்ரூ எப்போதும் நடுப்பகுதியில்தான் அதிகம் ஓடியிருக்கும், அங்கே தேய்மானம் அதிகம், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். அதனால் கொஞ்சம் தளர்த்தி 0.06-இல் நிறுத்திக்கொண்டேன். டேபிள் சறுக்கும் தடத்தின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையான ஜிப்பையும் அளவோடு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் டேபிள் ஒட்டி ஒட்டி நகரும், கேஜில் அதுவும் பேக்லாஷ் மாதிரியே தெரியும்.

மிச்சத்துக்கு மட்டும் சாஃப்ட்வேர். மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரான லினக்ஸ்சிஎன்சியில் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் (நகரும் அச்சுக்கும்) பேக்லாஷ் அளவு எழுத இடம் இருக்கிறது, அதே வேலை செய்யும் மாக்3-லும் உண்டு. 0.06 எழுதியதும் வட்டத்தில் படி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பெரிய ஆட்டத்தை இதைக்கொண்டு மறைக்காதீர்கள். சாஃப்ட்வேர் ஸ்க்ரூவைக் கூடுதலாகச் சுற்றுமே தவிர டேபிளைப் பிடித்து நிறுத்தாது. க்ளைம்ப் மில்லிங்கில் (கட்டரின் பல் டேபிள் நகரும் திசையிலேயே வெட்டும் முறை) கட்டரே டேபிளைத் தன் பக்கம் இழுக்கும், நட்டில் இடைவெளி இருந்தால் அவ்வளவு தூரம் ஒரே பாய்ச்சலாகப் பாயும், கட்டர் உடையும். என் மெஷினில் கனமான வெட்டு எல்லாம் இன்னும் கன்வென்ஷனல் (பல் எதிர்த் திசையில் வெட்டும் முறை) பக்கம்தான், கடைசி மெல்லிய வெட்டு மட்டும் க்ளைம்ப்.

மேலும் கீழும் நகரும் இசட் இன்னும் பாக்கி. அங்கே ஸ்பிண்டிலைத் தாங்கும் தலையின் எடையே நட்டை ஒரு பக்கமாக அழுத்தி வைத்திருப்பதால் கேஜில் ஆட்டமே இல்லாத மாதிரி காட்டுகிறது, ஆனால் எண்ட் மில் என்ற கட்டரின் சுருள் தலையைக் கீழே இழுக்குமா அல்லது வெட்டு விசை மேலே தூக்குமா என்பது வெட்டும்போதுதான் தெரியும். அடுத்த வாரம் தலையை ஒரு நெம்புகோலால் மேலே தூக்கி அளந்து பார்க்கப் போகிறேன்.