எல்லாரிடமும் இருக்கிற புத்தகம்: குரூப் 4 தேறிய அனுபவம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வில் தேறி இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்த பிறகு, எங்கள் ஊர்ப் பக்கம் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த மெட்டீரியல் படிச்சீங்கக்கா?" ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் புத்தகம் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. அது எல்லாரிடமும்தானே இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதைத் தேர்வு நாள்வரை கீழே வைக்காமல் இருப்பவர்கள் குறைவு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4-க்குப் பிறகு அடுத்தது 2022 ஜூலை 24-ல்தான் வந்தது. நடுவில் கொரோனா. நான் டிகிரி முடித்துவிட்டு, மேலூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டே காத்திருந்தேன். அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பொதுத்தமிழா, பொது ஆங்கிலமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி போய், தமிழ் எல்லாருக்கும் கட்டாயமானது அந்தத் தேர்வில்தான். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காதவர்களுக்கு மீதி விடைத்தாளைத் திருத்த மாட்டார்கள். விடைக்குறிப்பு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். கிடைக்கும் என்றும் சொல்ல முடியவில்லை, கிடைக்காது என்றும் சொல்ல முடியவில்லை. முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாதம். இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிக் கூடியும் என் தரவரிசைக்கு எட்டவில்லை.

அந்த எட்டு மாதம்தான் பலரைப் படிப்பிலிருந்து வெளியே தள்ளியது. முடிவு தெரியாமல் மறுபடி புத்தகத்தைத் திறக்க மனம் வராது. வீட்டுக்கு வந்த பெரியப்பா, "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இதையே கட்டிக்கிட்டு இருப்ப? ஒரு நல்ல எடமா பாத்து முடிச்சிரலாம்ல" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை வழக்கம்போல நாலரை மணிக்கு என்னை எழுப்பிவிட்டார். அதுதான் அம்மாவின் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

தவறிய விடைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினேன். இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றே ஒன்று செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலானவை நான் படித்த பக்கங்களிலேயே இருந்தன. பல இடங்களில் நானே கோடு போட்டிருந்தேன். படித்திருக்கிறேன், தேர்வறையில் நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு புதிதாக எந்த நோட்ஸும் வாங்கவில்லை, யாருடைய பிடிஎஃப்பும் கேட்கவில்லை.

தமிழ்ப் புத்தகத்தில் 'நூல்வெளி' என்று ஒரு பகுதி வரும். நூலாசிரியர், காலம், பாவகை எல்லாம் அதில் இருக்கும். அதையும் 'சொல்லும் பொருளும்' பகுதியையும் பாடத்தைப் போலவே படித்தேன். திருக்குறளில் பாடத்திட்டம் குறித்த அதிகாரங்கள் மட்டும் போதும். வினைத்திட்பமும் அதில் ஒன்று. காலையில் எழுந்ததும் ஓர் அதிகாரத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பேன். கணக்கில் தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.சி.ம., ஆட்கள் நாட்கள் என்று தலைப்புகள் அளவானவை. 25 கேள்வி. முந்தைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டதில் பயம் போய்விட்டது.

2023 ஜூலை 15-ல் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஞாயிறு கடை விடுமுறை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பழக்கமான ஓர் அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு பிள்ளைகள் தூங்கியதும் போனில் கூப்பிட்டு என்னிடம் கேள்வி கேட்பார், நானும் கேட்பேன். கடையில் நாள் முழுக்க நின்று கால் வலிக்கிற இரவுகளில், அந்த அழைப்பு வரும் என்பதற்காகவே ஒரு பாடமாவது பார்த்து வைப்பேன். தனியாகப் படித்திருந்தால் பாதியில் விட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

2024 ஜூன் 9 தேர்வு. இடங்கள் அறிவிப்பின்படி 6,244, முன்பைவிடக் குறைவு. விடை தெரியாத கேள்விக்கு 'E' வட்டத்தைக் கருமையாக்க வேண்டியிருந்தது, எதையும் காலியாக விடக் கூடாது. கடைசியில் A எத்தனை, B எத்தனை என்று எண்ணி, வட்டங்களை நிரப்பும் அந்த விடைத்தாளில் (ஓஎம்ஆர் தாள்) குறிக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையில் தவறினால் மதிப்பெண் குறையும் என்றிருந்தது. இதற்காகவே வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து, கருப்பு பால்பாயிண்ட் பேனாவில் நிரப்பிப் பழகியிருந்தேன். முடிவு அக்டோபர் 28-ல் வந்தது. இந்த முறை தரவரிசை போதுமானதாக இருந்தது. அந்த அக்காவும் தேறினார்.

அதற்குப் பிறகும் அலைச்சல் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் முடித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்த சான்று வேண்டும். நான் தொடக்கப் பள்ளி ஓரிடம், உயர்நிலைப் பள்ளி வேறிடம். ஓரிடத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாயிற்று, இன்னோரிடத்தில் தலைமையாசிரியர் மாறுதலில் போயிருந்தார். சான்றிதழ்களைப் பதிவேற்றக் கொடுக்கும் நாட்கள் குறைவு. ஆகவே இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் பிஎஸ்டிஎம் என்கிற இந்தத் தமிழ்வழிச் சான்றைத் தேர்வுக்கு முன்பே, பள்ளி திறந்திருக்கும் நாளில் போய் வாங்கி வைத்துவிடுங்கள். படிவம் தேர்வாணைய இணையதளத்திலேயே இருக்கிறது. வகுப்பும் ஆண்டும் மாற்றுச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்து, தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.