குள்ளத் தவளை முட்டையிடுவது பெரிய விஷயமில்லை

ஆப்பிரிக்கக் குள்ளத் தவளையை வீட்டுத் தொட்டியில் முட்டையிட வைப்பது லேசு. முட்டை பொரிந்த பத்தாம் நாள் பார்த்தால் ஒரு குஞ்சுகூட மிஞ்சாமல் போவதுதான் பலருக்கும் நடக்கிறது. பெரும்பாலும் நோயால் அல்ல, பசியால். நம் குளத்துத் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டியே வயிறு வளர்த்துவிடும். குள்ளத் தவளையின் குஞ்சோ பொரிந்த சில நாளிலேயே இரையைக் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன். கீரையை வேகவைத்துப் போட்டாலும் மீன் தீனியைப் பொடித்துத் தூவினாலும் சீந்தாது.

அதனால் வேலை தீனி ஜாடியிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பழைய தொட்டி நீரை நிரப்பி, வேகவைத்த முட்டைக்கோஸ் இலை ஒரு துண்டு போட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைக்கவும். இரண்டு மூன்று நாளில் நீர் பால்போல் கலங்கி நாறும். பதறிக் கொட்டிவிட வேண்டாம். ஐந்தாறு நாளில் தெளியும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் தூசிபோல ஏதோ நகரும், அதுதான் இன்ஃப்யூசோரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம், குஞ்சின் முதல் தீனி. இரண்டு நாள் இடைவெளியில் மூன்று ஜாடி போட்டால் தட்டுப்பாடு வராது.

வாங்கும்போதே முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் ஹைமெனோகைரஸ் இனம், அதாவது நம் குள்ளன். வளர்ந்தாலும் 3–4 செ.மீ.தான். சவ்வின்றி விரல்கள் தனித்தனியாக இருந்து, கண்கள் தலையின் மேல்புறம் இருந்தால் அது ஸீனோபஸ் என்னும் வேறொரு ஆப்பிரிக்கத் தவளை. உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து கூட இருப்பவரையும் விழுங்கிவிடும். ஆணுக்கு முன்னங்காலின் அக்குளுக்குப் பின்னால் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும். பெண் பெருத்து, பேரிக்காய் வடிவில், பின்புறம் குட்டி வால் முனையோடு இருக்கும். முட்டை கட்டிய பெண்ணுக்கு இடுப்புதான் புடைக்கும், தீனியும் எடுக்கும். கால்வரை பலூன்போல ஊதி மிதந்தால் அது நீர்க்கோவை, உடம்பில் நீர் கட்டும் நோய். ஜோடி சேர்க்கக் கூடாது.

45×30 செ.மீ. தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றினால் 27 லிட்டர். இரண்டு ஆண், இரண்டு பெண்ணுக்குப் போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போடுங்கள். மோட்டார் ஃபில்டர் முட்டையையும் குஞ்சையும் இழுத்துவிடும். மூடி கட்டாயம். நீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் காற்றிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் இவை மேலே வந்து மூச்சு விடுபவை. குழாய் நீரை ஆன்டி குளோரின் போட்ட பிறகே ஊற்றவும். செம்பு கலந்த மீன் மருந்து பக்கமே போக வேண்டாம்.

இனி வறட்சி முடிந்து மழை வந்ததுபோலத் தொட்டியில் காட்ட வேண்டும், அதுதான் முட்டையிடத் தூண்டும். மூன்று வாரத்தில் நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 7–8 செ.மீ.க்கு இறக்கவும். இந்த நாள்களில் காலையும் மாலையும் ரத்தப்புழுவும் பொடியாக நறுக்கிய மண்புழுவும் கொடுக்கவும். நீர் குறைந்து தீனி கூடுவதால் அம்மோனியா சட்டென ஏறும்; தினமும் கால் பங்கு நீர் மாற்றாமல் தப்ப முடியாது. ஹீட்டர் போட்டிருந்தால் படுக்கவைத்து முழுக்க மூழ்கடிக்கவும். பாதி வெளியே நின்றால் கண்ணாடி வெடிக்கும். பிறகு ஒரு மாலையில் 28–29 டிகிரி வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றி பழைய 20 செ.மீ.க்கு ஏற்றவும். சென்னையில் மே மாதம் இதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். தொட்டி நீரே 30ஐத் தாண்டி நிற்கும்போது எதைச் சூடு என்று காட்டுவது? ஐப்பசி மழைக்குப் பிறகு நல்லது.

அன்றோ அடுத்த ஓரிரு இரவிலோ ஆண் பாட ஆரம்பிக்கும். பாட்டு என்றால், பழுதான டியூப்லைட் சோக்கு இரைவதுபோல ஒரு ரீங்காரம். பின்னங்காலுக்குச் சற்று மேலே பெண்ணின் இடுப்பை இறுக்கிக்கொள்ளும். சில நேரம் ஆண் ஆணையே பிடித்துக்கொள்ளும், கண்டுகொள்ள வேண்டாம். சரியான ஜோடி மணிக்கணக்கில் அப்படியே இருந்து, நள்ளிரவு வாக்கில் ஒன்றாக மேலெழும். நீர்ப்பரப்பில் பெண் மல்லாந்து திரும்பும், சில முட்டை விழும், இரண்டும் கீழிறங்கும், கொஞ்சம் இளைப்பாறி மறுபடி மேலே. விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடும். அந்த நேரம் விளக்குப் போடக் கூடாது.

முட்டை கசகசா அளவு, மேலே கருமை, சுற்றி ஜெல்லி, மிதக்கும். பிடி விட்டதும் பெற்றவர்களே தின்ன ஆரம்பிப்பார்கள் என்பதால் விடியும் முன்பே குழிக்கரண்டியால் நீரோடு அள்ளிவிடவும். வலை வேண்டாம், ஜெல்லி ஒட்டிக் கிழியும். 8–10 செ.மீ. ஆழ ட்ரேயில் அதே தொட்டி நீர், ஒரு காய்ந்த பாதாம் இலை, 26 டிகிரி. மறுநாள் வெளுத்துப்போனவை கருத்தரிக்காதவை. பிப்பெட்டால் உடனே எடுக்காவிட்டால் அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் தாவும். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாய மருந்து போடுபவர்களும் உண்டு. பொறுக்கி எடுக்கும் பொறுமை இருந்தால் தேவைப்படாது. நீரின் மேல் எண்ணெய்ப்படலம் கட்டினால் காகிதத்தை ஒரு நொடி விரித்து எடுத்துவிடவும்.

ஏறக்குறைய இரண்டு நாளில் பொரியும். குஞ்சுகள் கண்ணாடியில் கோடு கிழித்ததுபோல் ஒட்டித் தொங்கும். செத்துவிட்டதென்று கொட்டியவர்கள் நிறைய. கருவுணவு தீர்ந்து நீந்த ஆரம்பித்ததும் இன்ஃப்யூசோரியாவை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி. நான்கைந்து நாள் கழித்து, அப்போதுதான் பொரிந்த ஆர்டீமியா, அதாவது உப்பு நீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி. லிட்டர் நீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை, விடாமல் காற்று. ஒரு நாளில் பொரிந்துவிடும். துணியில் வடித்து நல்ல நீரில் அலசியே கொடுக்கவும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: குஞ்சு இரையை நேராகக் குறிவைத்து நிற்கும், வாய் குழல்போல முன்னே நீளும், அவ்வளவுதான், ஆர்டீமியா காணாமல் போயிருக்கும். இந்த உறிஞ்சுதலை வேகக் கேமராவில் படம்பிடித்து டெபான், ஓல்சன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். வயிறு ஆரஞ்சு நிறமானால் தின்றிருக்கிறது. அரை மணியில் தின்னாதது நன்னீரில் செத்து அழுகும்; குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு, அதே சூட்டில் நீர் விடவும். குளத்து மொய்னா (நீர்த்தெள்ளு) போட்டால் ஹைட்ரா என்ற கொட்டும் சிற்றுயிரி சேர்ந்து வரும், குஞ்சைக் கொல்லும்.

மூன்று வாரம் வாக்கில் பின்னங்கால் தெரியும். அளவு வித்தியாசம் கூடும்போது பெரியதைப் பிரிக்காவிட்டால் சிறியது இரை. முன்னங்கால் வந்து வால் கரையும் சில நாள்கள் வாயே மாறிக்கொண்டிருப்பதால் தீனி எடுக்காது. நீரை 5 செ.மீ.க்குக் குறைத்து, மேலே எட்ட இலை மிதக்கவிடவும். பலது இந்தக் கட்டத்தில் மூழ்கிச் சாகிறது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2009–11இல் அமெரிக்காவில் பரவிய சால்மொனெல்லா தொற்று இந்தத் தவளைகளிலிருந்து வந்தது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது, தவளையைக் குளத்தில் விடவே கூடாது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையையும் சுமந்து போகும்.

வால் கரைந்த ஒரு செ.மீ. தவளைக்கு இப்போது கண்ணைவிட மூக்குதான் வழிகாட்டி. நீந்தும் ஆர்டீமியாவைக் கோட்டைவிடும். நறுக்கிய ரத்தப்புழுவை ஒரு பாட்டில் மூடியில் வைத்து, தினமும் ஒரே மூலையில், ஒரே நேரத்தில் வைக்கவும். இரண்டு மூன்று நாளில் மூடியைச் சுற்றிக் காத்திருக்கும்.