அத்தையின் பேட்டி பாட்டுப் பெட்டியில் இருந்தது

பத்து மாத அலைச்சலுக்குப் பிறகு, போன செவ்வாய்க்கிழமை அத்தையின் குரல் ஒரு பென்டிரைவில் வீடு வந்து சேர்ந்தது. பதினான்கு நிமிடம் சொச்சம். 1979-இல் வானொலியின் மகளிர் நிகழ்ச்சிக்கு அவர் கொடுத்த பேட்டி. அத்தை நாற்பது வருடம் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தவர், 2019-இல் போய்விட்டார். அவர் ஆடிய போட்டோ வீட்டில் நான்கு இருக்கிறது, பேசியது என்று ஒன்றுமே கிடையாது. வீட்டுப் பெரியவர்களின் பழைய வானொலிப் பதிவைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருப்பீர்கள். நான் எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தால் உங்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாகும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விரட்டியவர்கள் இருந்த அதே கட்டடத்தில்தான் உதவியவர்களும் இருந்தார்கள்.

ஆரம்பம் அத்தையின் டிரங்குப் பெட்டி. சலங்கைத் துணிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு கான்ட்ராக்ட் தாள் இருந்தது. ரிக்கார்டிங்குக்கு வர வேண்டிய தேதி, நேரம், சன்மானம் எல்லாம் அதில் தட்டச்சு செய்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனோம். அப்பாவுக்கு 78 வயது, அத்தைக்குத் தம்பி. கவுண்டரில் இருந்தவர் தேதியை மட்டும் கேட்டார், உள்ளே போய் வந்தார், "அன்னிக்கு இப்படி ஒரு புரோகிராமே போகல பெரியவரே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், திரும்பி வந்தோம். இரவு தாளை மறுபடி விளக்கடியில் பிரித்துப் பார்த்தபோதுதான் மடிப்பில் தேய்ந்துபோன கீழ்வரி கண்ணில் பட்டது. பிப்ரவரியில் பதிவு, மார்ச்சில் ஒலிபரப்பு. நான் கொடுத்தது பதிவு செய்த தேதி, அவர்கள் பார்த்தது ஒலிபரப்புப் பதிவேடு. ஆக, உங்கள் கையில் தாள் ஏதாவது இருந்தால் முதலில் ஒலிபரப்புத் தேதி எது என்று பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் அதைக் கேட்க மாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தடவை சரியான தேதியோடு போனேன். பதிவேட்டில் வரி இருந்தது, அத்தையின் பெயரும் இருந்தது. ஆனால், "பேச்சையெல்லாம் அப்பவே அழிச்சிருப்பாங்க மேடம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். இருந்த இடத்தைவிட்டு எழுந்து ஒரு அலமாரியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்பூல் டேப், அதாவது சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடா, விலை கூடிய சரக்கு, ஒலிபரப்பு முடிந்ததும் காந்தத்தில் காட்டி மொத்தமாக அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். உலகத்தில் எத்தனையோ வானொலிகளில் நடந்த கதைதான் இது. யாராவது ஒருவர் பெட்டியின் மேல் 'வைத்திருக்கவும்' என்று எழுதியிருந்தால் தப்பித்தது. பெரிய வித்வானின் கச்சேரி என்றால் எழுதியிருப்பார்கள். சின்ன ஊர் நாட்டிய டீச்சரின் பேட்டிக்கு யார் எழுதப் போகிறார்கள்? ஆனாலும், "அழித்திருப்பார்கள்" என்பது வேறு, "அழித்தார்கள்" என்பது வேறு. தேடிப் பார்க்காமலே இல்லை என்று சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் நகராமல் நின்றதைப் பார்த்து, அப்படியே இருந்தாலும் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் தர மாட்டோம் என்று அடுத்த கட்டையைப் போட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் கிடையாது. தம்பி பெயரில் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு நடந்ததில் ஆறு வாரம் ஓடியது, அதுவும் கைக்கு வரவில்லை. கடைசியில் பார்த்தால் அது தேவையே படவில்லை! அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம், அவருடைய ஆதார் நகல், கான்ட்ராக்ட் தாளின் நகல், இவ்வளவுதான் வாங்கிக்கொண்டார்கள். யாராவது இப்படிச் சொன்னால் வீட்டுக்கு ஓடாதீர்கள். "முதலில் தேடிப் பாருங்கள், இருக்கிறது என்று சொல்லுங்கள், பேப்பர் கொண்டுவருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் மாநில அரசு அலுவலகங்களுக்கு அந்த ஸ்டாம்ப் செல்லும், வானொலி மாதிரி மத்திய அரசின் கீழ் வருகிற அலுவலகத்துக்குச் செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் போட்டு அங்கேயே பத்து ரூபாயைக் கட்டிவிடலாம். இதில் போனது மூன்று வாரம். மறுபடி அனுப்பினேன். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், இருபத்தெட்டாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: மேற்படி பெயரில் ஒலிப்பதிவு எதுவும் நூலகத்தில் இல்லை.

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

நடுவில் வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். சென்னையில் சம்பிரதாயா என்ற அமைப்பு 1980-இல் இருந்து மூத்த கலைஞர்களின் பாட்டையும் பேட்டிகளையும் பதிந்து வைத்திருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. உங்கள் ஆள் கொஞ்சம் பெயர் வாங்கியவர் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அத்தை அங்கெல்லாம் இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது ரேடியோவில் இருந்து கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார்களா என்றும் விசாரித்தோம், அதுவும் இல்லை.

விஷயத்தைத் திருப்பியவர், வானொலியில் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தார். பதில் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இந்தப் பெயரில் இல்லைன்னுதானேம்மா எழுதியிருக்காங்க, பதிவே இல்லைன்னு எழுதலியே" என்றார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "பேட்டிக்கு நடுவுல யாராவது பாடினாங்களா சார்?" என்று கேட்டார். அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடினார்கள், அத்தை தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்யும்போது கூடப் பாடுகிற அம்மா ஒருவர், பைரவி ராகத்தில் பதவர்ணம் என்ற நாட்டியப் பாட்டு கொஞ்சம், மிருதங்கத்தோடு. "அப்ப பேச்சுல தேடாதீங்க, மியூசிக்ல தேடச் சொல்லுங்க" என்றார் அவர். பேச்சுப் பகுதிக்குத் தனி அலமாரி, சங்கீதத்துக்குத் தனி அலமாரி. பாட்டு கலந்த டேப்பை, ஒரு வர்ணம் வீணாகிறதே என்று யாராவது சங்கீதத்தின் பக்கம் எடுத்து வைத்திருந்தால், அது பாடியவர் பெயரில்தான் ஏறியிருக்கும், பேசியவர் பெயரில் ஏறியிருக்காது.

பதில் வந்த முப்பது நாளைக்குள் முதல் மேல்முறையீடு போடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. போட்டேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. ஒலிபரப்புத் தேதி, நிகழ்ச்சியின் பெயர், பாடியவர் பெயர், மிருதங்கம் வாசித்தவர் பெயர், ராகம். ஒவ்வொரு பெயரையும் இன்ஷியலோடும் இல்லாமலும், ஜெயாவா ஜயாவா என்ற இரண்டு எழுத்திலும், ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் தட்டியிருப்பார்களோ அப்படியெல்லாமும் எழுதினேன். கான்ட்ராக்ட் நகலையும் சேர்த்தேன். மூன்று வாரத்தில் போன் வந்தது, நேரில் வரச் சொன்னார்கள்.

நிலையத்தின் டேப் நூலகத்தில் இருந்த அம்மா நீளமான மர டிராயரை இழுத்து, அட்டைகளை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றை எடுத்துக் காட்டினார். பாடியவரின் பெயர், அதற்குக் கீழே பைரவி, பதவர்ணம். ஓரத்தில் நேரம் 14 நிமிடம் 20 விநாடி. அதற்கும் பக்கத்தில் பென்சிலில் இரண்டே சொல்: 'நடன உரையுடன்'. அத்தையின் பெயர் அட்டையில் எங்கேயும் இல்லை. அந்த இரண்டு சொல்லை எழுதிய கை யாருடையதோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

டேப்பை ஓடவிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அட்டைப் பெட்டிக்குள் கால் அங்குல அகல டேப், சாக்லெட் நிறம். எடிட் செய்த இடங்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையில் பசை காய்ந்துபோய், மெஷினில் இரண்டு சுற்று ஓடியதும் முதல் ஒட்டு விட்டுக்கொண்டது. எனக்கு வயிறு கலங்கியது. டெக்னீஷியன் பதறவே இல்லை. நிறுத்தி, இரண்டு முனையையும் அச்சில் சேர்த்து வைத்து, புதுப் பட்டை ஒட்டி நகத்தால் நீவிவிட்டு மறுபடி ஓட்டினார். மொத்தம் ஒன்பது ஒட்டு, ஒன்பதும் விட்டன, ஒன்பதையும் ஒட்டினார். முதல் வார்த்தை வருவதற்கு இரண்டு விநாடி முன்னாலேயே அதே வார்த்தை மிக மெல்லிசாக, தூரத்தில் இருந்து வருவது போலக் கேட்டது. இத்தனை வருடம் சுருட்டியே கிடந்ததில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளுமாம், அவர்தான் விளக்கினார். அத்தை "வணக்கம்" சொல்வதை முதலில் நிழலாகவும் பிறகு நிஜமாகவும் கேட்டேன்.

ஏழாவது நிமிடத்தில், பேட்டி எடுப்பவர் அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்கிறார். அத்தை ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் கட்டையில் கழி விழுகிற சத்தம். ஸ்டுடியோவுக்குத் தட்டுமணையைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்! "தெய்யா தெய், தெய்யா தெய்" என்று முதல் காலத்தில், மெதுவான வேகத்தில் ஆரம்பித்து, இரண்டு, மூன்று என்று வேகத்தை ஏற்றிக்கொண்டு போகிறார், மூன்றாம் காலத்திலும் ஒரு எழுத்து மழுங்கவில்லை. போட்டோவில் பார்த்துக்கொண்டிருந்த கைக்கும் காலுக்கும் அன்றைக்குத்தான் எனக்குத் தாளம் கேட்டது.

மற்றதெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. கட்டணம் கட்டினோம், குடும்ப உபயோகத்துக்கு மட்டும், எங்கேயும் பதிவேற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் சட்டப்படி நிகழ்த்திய கலைஞரின் உரிமை 50 ஆண்டு, ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு. பாடிய அம்மாவின் குடும்பம், மிருதங்கம் வாசித்தவரின் குடும்பம் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். யூடியூபில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு யாரும் போகாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: முதலில் எனக்குக் கொடுத்தது சின்ன எம்பி3 ஃபைல். சுருக்காத முழு வேவ் ஃபைலே வேண்டும் என்று கேட்டேன், மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். அந்த டேப் இன்னொரு தடவை ஓடுமா என்று யார் கண்டது, ஓடும்போதே நல்ல நகலை வாங்கிவிடுங்கள், வந்த அன்றே மூன்று இடத்தில் வையுங்கள்.

அப்பா செவ்வாய் இரவே நான்கு தடவை கேட்டார். அந்த 'தெய்யா தெய்' சொல்லுக்கட்டு வரும்போதெல்லாம் அவருடைய வலது கை நாற்காலிக் கையில் தானாக விழுகிறது. டிரங்குப் பெட்டியில் இன்னும் இரண்டு கான்ட்ராக்ட் தாள் இருக்கிறது, ஒன்று 1983, ஒன்று 1986. ஒலிபரப்புத் தேதியைக் குறித்துவிட்டேன். அன்றைக்கு அத்தையோடு யார் யார் போனார்கள் என்று அப்பா ஒவ்வொரு பெயராக ஞாபகப்படுத்திச் சொல்கிறார், நான் இரண்டு எழுத்திலும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.