பச்சையில் குடைந்த பாதியும் காயவிட்ட பாதியும்

கோத்தகிரி விறகுக்கடை மூலையில் கிடந்தது அந்தக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) முண்டு. மரத்தில் கழலை மாதிரி புடைத்து நிற்குமே, அதுதான். பெரிய பூசணிக்காய் அளவு. "கோடாலி இறங்கவே மாட்டேங்குது தம்பி, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். முண்டுக்குள் நார் ஒரே திசையில் ஓடாமல் சுழன்று பின்னிக் கிடக்கும். பிளக்க வராததற்கும், குடைந்தால் அழகாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஜனவரியில் ரம்பம் போட்டு இரண்டாக்கினேன். ஒரு பாதியைப் பச்சையிலேயே கிண்ணமாகக் குடைவது, மற்றதைக் காயவிட்டுக் குடைவது என்று திட்டம்.

பச்சைப் பாதியில் உளி நன்றாகவே இறங்கியது. சீவல் சுருளாக வராமல் உதிரியாக வந்தது. கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) அடிக்கு அடி முகத்தில் ஈரம் தெறித்தது. இரண்டு மணி நேரத்தில் விரல் நுனியெல்லாம் கருநீலம்! மரத்தின் துவர்ப்பும் உளியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இப்படித்தான். கிண்ணத்திலும் திட்டுத் திட்டாகக் கறை. எலுமிச்சை மூடியால் தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று.

வாய் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 9 அங்குலத்துக்கு நான் 1 அங்குலம் விட்டேன். அப்புறம் மெல்லக் காயட்டும் என்று சீவலோடு காகிதப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்து, வாராவாரம் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 1,850 கிராமில் ஆரம்பித்து 1,240க்கு வந்ததும் இறக்கம் நின்றது; காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மற்ற பாதியில்தான் சொதப்பினேன். மெழுகு பூசாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டேன். இங்கே ஜனவரியில் ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். ஒன்பதே நாளில் மூன்று வெடிப்பு. ஒன்றில் ஒரு ரூபாய் நாணயம் சொருகலாம். மேல்பக்கம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம். வெடிக்காமல் என்ன செய்யும்? மெழுகு உருக்கிப் பூசி நிழலுக்கு மாற்றினேன். மே மாதம் உளி வைத்துப் பார்த்தால் மேல் அரை அங்குலம் கல். உளி முனையில் பல் விழுந்ததுதான் மிச்சம். மரம் காய அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். இது ஆறு அங்குல கனம்.

பச்சையில் குடைந்த கிண்ணத்தின் விளிம்பு மட்டும் அலை அலையாக நெளிந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருப்பதால் சமன் செய்யவில்லை. உப்புத்தாள் போட்டது காய்ந்த பிறகுதான். ஈரத்தில் தாள் அடைத்துக்கொள்ளும்.

கடைக்காரர் இன்னொரு முண்டு எடுத்து வைத்திருக்கிறார். கிண்ணத்தைப் பார்த்த பிறகு, இதற்கு விலை சொல்கிறார்.