கடைசி வருட நிலவியல்: ஒரு கடிதத்துக்காக மூன்று நடை

யுபியு (பல்கலைக்கழக விண்ணப்பம்), பிடிபிடிஎன் (படிப்புக் கடன்), அதுவரை வந்த பாடங்கள் எல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. நிலவியல் எடுக்கும் பிள்ளைகளை உண்மையில் வாட்டுவது எங்கே என்ன பாறை என்று நடந்து பார்த்துக் குறிக்கும் கடைசி வருடக் கள வரைபடம்தான், அதிலும் அந்த நிலத்துக்குள் விடச் சொல்லிக் கேம்பஸ் தரும் அனுமதிக் கடிதம்.

நான் வரைய வேண்டிய பகுதி பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், 5க்கு 5 கிலோமீட்டர். பாதிக்கு மேல் செம்பனைத் தோட்டம். அது பால்மரக் காடாக இருந்தபோது அப்பா அங்கேதான் பால் எடுக்க மரம் வெட்டினார், நான் பிறந்ததும் அங்கே தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில்தான். அதனால் கேட்டவுடன் விடுவார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் தோட்ட ஆபிஸ் கிராணி (கிளார்க்) கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "தம்பி, இது மேனேஜர் பேருக்கு இருக்கு, கம்பெனி தலைமை ஆபிஸுக்குத்தான் எழுதணும்" என்றார். பஸ் ஏறிக் கேம்பஸுக்குப் போய் மாற்றி வாங்க ஒன்பது நாள் ஆனது. இரண்டாவது தடவை, கடிதத்தில் போட்டிருந்த தேதி முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டதாம். அன்றைக்கு வாசலில் நின்று அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் தோட்டத்துக்குள் போகாமல் இந்த வேலையே நடக்காது. நம் மழையும் வெயிலும் பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிடும். வெளியே தெரியும் பாறை என்றால் ஓடையிலும், புதிதாக வெட்டிய தோட்டப் பாதை ஓரத்திலும்தான்.

மூன்றாவது தடவை அப்பாவும் கூட வந்தார். சின்ன துரையே (துணை மேனேஜர்) வெளியே வந்து ஒரு கேள்வி கேட்டார்: "என்ன தேடுறீங்க, ஈயமா?" அப்போதுதான் விஷயம் புரிந்தது. கடிதத்தில் "பாறை மாதிரிகள் சேகரிக்க" என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த கதை தெரியாதவர் யார்? தாது தேட வந்திருக்கிறேன் என்று பயந்திருக்கிறார்கள். கையளவு கல், படிப்புக்கு மட்டும், குழி தோண்ட மாட்டேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முத்திரை விழுந்தது. ஆகவே உங்கள் கடிதத்தில் அந்த வரியை முதலிலேயே விளக்கமாக எழுதச் சொல்லுங்கள், தேதியை இரண்டு மாதம் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் வேலை சுலபம். லயத்துக்குப் பின்னால் ஓடையில் அம்மா துணி துவைத்த கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள், நம் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட்! ஆனால் அது தண்ணீரில் உருண்டு வந்த கல், அதை வரைபடத்தில் குறிக்கக் கூடாது. ஓடையோடு மேலே ஏறி ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் நிலத்தோடு ஒட்டிய வெள்ளைப் பாறை கிடைத்தது. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. பளிங்கு. கிரானைட் சூடாக மேலே ஏறி வந்தபோது பழைய சுண்ணாம்புப் பாறை வெந்து இப்படி ஆகியிருக்கிறது, சுமார் 20 கோடி வருடத்துக்கு முன். சின்ன வயதில் நாங்கள் குளித்த இடம் அது. அப்பா ரொம்ப நேரம் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

இன்னொன்று, திசைகாட்டி பார்க்கும்போது சுத்தியலைத் தள்ளி வையுங்கள், அதன் இரும்பு திசைகாட்டியின் ஊசியை இழுக்கும். என் முதல் நாள் அளவுகள் முழுக்க அப்படித்தான் வீணாயின. அதைத் திரும்ப எடுக்க நாளைக்கு மறுபடியும் ஓடைக்குப் போகிறேன், கடிதம் 30ஆம் தேதி வரை செல்லும்.