பழைய மெசி 35க்கு எஞ்சின் வேலை

எங்கள் மிசின், அதாவது உழவு இயந்திரம் (ட்ராக்டர்), மெசி பேர்கியூசன் 35, மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். கிளிநொச்சியில் வயல் செய்பவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 35இல் முதலில் வந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்படுத்தும். 1959இல் பேர்கின்ஸ் கொம்பனியை மெசி வாங்கியதையொட்டி அதன் இடத்துக்கு வந்ததுதான் இந்த எஞ்சின். இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது, அதனால்தான் விற்க மனம் வரவில்லை.

காலபோக (மழைக்கால நெற்செய்கை) உழவில் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. ஒயில் ஊற்ற ஊற்றக் குறைந்தது, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிறீதர் குழாயாலும் புகை வந்தது. சூடேறியதும் ஒயில் பிறசர் முள் கீழே விழுந்தது. "தம்பி, ரிங் மட்டும் போட்டால் இந்தப் போகம் ஓடும்" என்றார் ஒரு மெக்கானிக் அண்ணை. ஓடும்தான். ஆனால் தேய்ந்த லைனருக்குள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) புது ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போட்டால், ஒரு போகத்துக்குள் திரும்பவும் அதே புகைதான். அளந்து பார்க்காமல் ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எஞ்சினைக் கழற்றுவதே பெரிய வேலை. இந்த மிசினுக்குத் தனிச் சட்டம் கிடையாது, எஞ்சினே உடம்பின் நடுப்பகுதி. அதை எடுத்தால் முன் அச்சு ஒரு பக்கம், கியர்பொக்ஸ் ஒரு பக்கம் என்று மிசினே இரண்டாகப் பிரியும். முன் அச்சு நடுவிலுள்ள ஒரு பின்னில் ஆடுவது, அதனால் இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்காமல் போல்ட்டில் கை வைக்கக்கூடாது. கியர்பொக்ஸுக்குக் கீழே உறுதியான முட்டு வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அதற்குக் கீழே போகாதீர்கள். எஞ்சினைத் தூக்கும் செயின் புளொக்கைக் கட்ட நல்ல வளையும் (கூரை உத்தரம்) வேண்டும்.

சிலிண்டரின் புது அளவு 3.6 அங்குலம். தேய்வு எப்போதும் மேலே, முதல் ரிங் திரும்பும் இடத்தில்தான் கூட இருக்கும். அந்த இடத்தில் நகத்தாலே ஒரு படியை உணர முடிந்தது. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் போட்டதும் மூன்று சிலிண்டரும் முட்டை வடிவாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது, ரிங் மட்டும் என்ற பேச்சு அதோடு முடிந்தது. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) மைக்ரோமீற்றரில் பார்த்தோம். 0.010 அங்குலம் கிரைண்ட் செய்தால் போதும் என்றார் லேத்காரர், அதற்கேற்ற பெயாரிங்கும் எடுத்தோம். அசல் கிராங்கைக் காப்பாற்றியதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

லைனர், பிஸ்டன், ரிங், பெயாரிங், பக்கிங் செற் எல்லாம் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்தவை. ஒரு கடையில் தந்த ரிங்கை லைனருக்குள் வைத்தபோது அதன் இரு நுனிகளுக்கு இடையிலான இடைவெளி அளவுக்கு மேல் இருந்தது, திருப்பிக் கொடுத்தோம். எந்தக் கடையில் வாங்கினாலும் ரிங்கைப் பிஸ்டனில் பூட்டமுன் லைனருக்குள் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) போட்டுப் பாருங்கள்.

இந்த எஞ்சினில் இருப்பது உலர் லைனர், தண்ணீர் நேரடியாக அதைத் தொடாது. அதனால் எஞ்சின் புளொக்கின் துளை சுத்தமாக இருந்தால்தான் லைனர் முழுவதும் ஒட்டி இருந்து சூட்டைக் கடத்தும். துரு, கரி எதுவும் மிஞ்சாமல் துடைக்க அதிக நேரம் செலவழித்தோம். ஹெட்டில் வால்வு கிரைண்டிங், நொசில் சோதனை, தண்ணீர்ப் பம்ப் வேலைகள் சிக்கல் இல்லாமல் முடிந்தன. கிராங்கின் பின்பக்கம் கயிற்று சீல். அதைப் பள்ளத்தில் நன்றாக அழுத்திப் பதித்து, நுனிகளை அளவாக வெட்டாவிட்டால் கிளட்ச் பக்கம் ஒயில் வரும்.

டைமிங் கியர் குறிகளை ஒன்றுக்கு இரண்டு பேர் பார்த்த பிறகுதான் மூடினோம். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் வைத்தோம். டீசல் லைனில் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் போட்டதும் முதலில் பார்த்தது ஒயில் பிறசரைத்தான். சூடான பிறகும் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு (psi) மேலே நின்றது. வேலை வேகத்தில் 30 முதல் 60 வரை இருக்கலாம்.

புது எஞ்சினை மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடுவது பலருடைய பழக்கம். அது ரிங்குக்குக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் லைனர் சுவர் பளபளத்துப்போய், ரிங் பதியாமலே நின்றுவிடும். நாங்கள் அளவான பாரத்தோடு பெட்டி (ட்ரெய்லர்) இழுக்கவிட்டோம், பிறகு சூடாறவிட்டு ஹெட்டை ஒழுங்கு வரிசையில் மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியையும் திரும்பப் பார்த்தோம். முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்றிவிட்டோம். சிறுபோக உழவுக்கு இறக்கினபோது பிறீதர் குழாயில் புகை இல்லை.